சம்பளம் ஏன் கழித்தலில் வந்தது?



தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல் பாடத்தில் "செய்நிரலாக்கம்" என்ற அலகு வந்ததும் உங்களில் பலர் புத்தகத்தை மூடி வைத்துவிடுவது எனக்குத் தெரியும். "டீச்சர், அந்தக் கேள்விய விட்டுட்டு மத்ததச் செய்றேன்" என்று வருடா வருடம் யாராவது சொல்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. நான் கலைப்பட்டதாரி. பல்கலைக்கழகத்தில் தமிழும் புவியியலும் படித்தவள். கணினியைப் பின்னர்தான், மாத்தளை நகரில் ஆறு மாதப் பாடநெறி ஒன்றில் கற்றேன். செய்நிரலில் வரும் வழுக்களை உங்களைப் போலவே பயந்து பயந்துதான் பார்த்தேன்.

ஆகவே இந்தப் பக்கங்களில் நான் சூத்திரம் எதையும் தரப்போவதில்லை. பலாபத்வலவில் எங்கள் வீட்டு முன் அறையில் நடக்கும் வகுப்பில் நான் விட்ட ஒரு பிழையையும், அதிலிருந்து நானும் மாணவர்களும் கற்றுக்கொண்டவற்றையும் சொல்கிறேன். பொறுமையாக வாசியுங்கள். பேனையும் கொப்பியும் பக்கத்தில் இருக்கட்டும்.

அந்தச் சனிக்கிழமை

2023ஆம் ஆண்டு. வகுப்பில் பதினொரு பேர். கணினி ஒன்று. அதுவும் யாரோ பாவித்துவிட்டு விற்றது. ஒருவர் தட்டச்சுச் செய்ய மற்றவர்கள் பின்னால் நின்று பார்ப்பார்கள்.

"உங்கள் வீட்டில் உள்ள ஒரு கணக்கைச் செய்நிரலாக எழுதிக் கொண்டு வாருங்கள்" என்று சொல்லியிருந்தேன். ஒருவன் கடைக் கணக்கு எழுதி வந்தான். ஒருத்தி மிளகு நிறுத்து விற்ற கணக்கு. மேலே தோட்டத்திலிருந்து வரும் தரம் 10 மாணவி ஒருத்தி தன் அம்மா, அப்பாவின் சம்பளக் கணக்கை எழுதியிருந்தாள். தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1000 ரூபாய் என 2021 மார்ச்சில் வர்த்தமானி மூலம் நிர்ணயிக்கப்பட்டிருந்தது. (அதன் பின் அது கூடியிருக்கிறது. நம் கணக்குக்கு 1000 என்றே வைத்துக்கொள்வோம்.) அம்மாவுக்கு 20 பேர், அப்பாவுக்கு 22 பேர். தோட்டத்தில் ஒரு நாள் வேலையை "ஒரு பேர்" என்பார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்ததே. ஆக மொத்தம் 42 பேர்.

அவளுடைய செய்நிரலின் முக்கிய வரி இதுதான். பரீட்சையில் மாறிகளின் பெயர்களை ஆங்கில எழுத்தில் எழுத வேண்டும். இங்கே விளங்குவதற்காகத் தமிழில் தருகிறேன்.

மொத்தம் := பேர் * நாட்சம்பளம்;

மூன்று மாறிகளையும் முழுஎண், அதாவது பஸ்காலில் "இன்டிஜர்" என்று அறிவித்திருந்தாள். தொகுப்பான் ஒரு வழுவும் சொல்லவில்லை. இயக்கினோம். பேர் 42 எனக் கொடுத்தோம். திரையில் வந்த விடை:

-23536

பின்னால் நின்ற பையன்கள் சிரித்துவிட்டார்கள். "இவங்க வீட்டுக்குத் தோட்டம் சம்பளம் குடுக்காது. இவங்கதான் தோட்டத்துக்குக் குடுக்கணும்" என்றான் ஒருவன். அந்தப் பிள்ளையின் முகம் வாடிப்போனது.

அப்போது நான் என்ன செய்திருக்க வேண்டும்? "ஏன் இப்படி வந்தது, பார்ப்போம்" என்று சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது வேறு: "எங்கேயோ பிழை விட்டிருக்கிறாய் பிள்ளை. அழித்துவிட்டுத் திரும்ப அடி." அவள் திரும்ப அடித்தாள். அதே விடை. "கவனமாக அடி" என்றேன். மூன்றாம் முறையும் -23536. "நேரம் போகிறது, அடுத்தவர் வாருங்கள்" என்று அவளை எழுப்பிவிட்டேன். காரணம் எனக்கே தெரியவில்லை என்பதை மறைக்கத்தான் அப்படிச் செய்தேன். இதை எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

அடுத்த இரண்டு வகுப்புகளுக்கும் அவள் வரவில்லை. சந்திக் கடையில் அவளுடைய அம்மாவைக் கண்டேன். "என்ன அக்கா, மகளைக் காணோம்?" என்று கேட்டேன். "இந்தப் பாடத்த விட்டுட்டு மனைப்பொருளியல் எடுக்கப் போறாளாம் டீச்சரம்மா. எங்க பேருக்கு மெஷின்கூடக் கழிச்சுத்தான் காட்டுதாம்" என்றார். பகிடியாகத்தான் சொன்னார். எனக்கு அது பகிடியாகப் படவில்லை.

விடை என் கொப்பியிலேயே இருந்தது

அன்றிரவு என் குறிப்புக் கொப்பியைப் புரட்டினேன். தரவு வகைகள் என்ற தலைப்பின் கீழ் என் கையெழுத்திலேயே எழுதியிருந்தது: முழுஎண், -32768 முதல் 32767 வரை. இதை மாணவர்களுக்கு வாய்ப்பாடு போலப் பாடமாக்கக் கொடுத்தவள் நான்தான். அந்தப் பிள்ளை முந்திய வாரம்தான் பிழையில்லாமல் ஒப்புவித்திருந்தாள். 42 ஐ 1000 ஆல் பெருக்கினால் 42000. 32767 ஐ விடப் பெரிது. பெட்டிக்குள் அடங்காத எண்ணை பெட்டிக்குள் போட்டிருக்கிறோம். அவ்வளவுதான். அவள் ஒரு எழுத்தைக்கூடப் பிழையாக அடிக்கவில்லை.

இதைக் கொஞ்சம் விளக்குகிறேன். நாங்கள் பாவித்த பஸ்கால் தொகுப்பான், சாதாரண அமைப்பில் ஒரு இன்டிஜருக்கு 16 பிற்றுகளை ஒதுக்குகிறது. ஒவ்வொரு பிற்றிலும் 0 அல்லது 1. ஆகவே 65536 வெவ்வேறு கோலங்கள். அவற்றில் பாதி மறை எண்களுக்கு. மீதிப் பாதி பூச்சியத்துக்கும் நேர் எண்களுக்கும். ஆகப் பெரிய நேர் எண் 32767. அதற்கு மேல் ஒன்று கூட்டினால் அடுத்த கோலம் -32768 ஐக் குறிக்கிறது.

பழைய பஸ் வண்டியின் கிலோமீற்றர் மானியை நினைத்துப் பாருங்கள். ஐந்து இலக்கம்தான் இருந்தால் 99999 க்குப் பிறகு 00000. வண்டி ஓடிய தூரம் குறையவில்லை. மானியில் இடம் போதவில்லை. இங்கேயும் அப்படியே, ஒரு முழுச் சுற்றுக்கு 65536.

42000 - 65536 = -23536

திரையில் வந்த அதே எண். கணினி பொய் சொல்லவில்லை. நாம் கொடுத்த பெட்டியின் அளவுக்கு உண்மையைச் சொன்னது. பேர் 32 வரை கொடுத்திருந்தால் விடை சரியாக வந்திருக்கும். 33 இலிருந்து பிழைக்கும். ஒருவருடைய சம்பளத்தை மட்டும் போட்டுப் பார்த்திருந்தால் இந்த வழு எங்கள் கண்ணில் பட்டிருக்காது.

திருத்தம் ஒரு சொல்தான். மொத்தம் என்ற மாறியை "லோங்இன்ட்" என்று அறிவிக்க வேண்டும். அது 32 பிற்று. 2147483647 வரை கொள்ளும்.

அடுத்த நாள் அவள் வீட்டுக்குச் சொல்லி அனுப்பினேன். வந்தாள். பதினொரு பேருக்கும் முன்னால், "அன்றைக்குப் பிழை விட்டது இவள் இல்லை, நான்" என்று சொல்லிவிட்டு, மேலே எழுதிய கழித்தலைப் பலகையில் செய்து காட்டினேன். சிரித்த பையன்தான் முதலில், "அப்ப மெஷினுக்கு இடம் பத்தலையா டீச்சர்?" என்று கேட்டான். "ஆமாம், இடம் பத்தவில்லை" என்றேன். அவள் ஒன்றும் பேசவில்லை. கணினியின் முன் போய் அமர்ந்து, சொல்லை மாற்றி, இயக்கினாள். 42000 வந்தது.

பெரியவர்களும் விடும் பிழை

இது சின்னப் பிள்ளைகளின் பிழை என்று நினைக்காதீர்கள். 1996 ஜூன் 4ஆம் திகதி, தென் அமெரிக்காவின் பிரெஞ்சு கயானாவிலிருந்து "ஏரியான் 5" என்ற ஐரோப்பிய ரொக்கெற்று முதல் முறையாக ஏவப்பட்டது. புறப்பட்டுச் சுமார் 40 விநாடிகளில் திசை மாறிச் சிதறியது. காரணத்தை ஆராய்ந்த குழு கண்டது இதுதான்: 64 பிற்றுத் தசம எண் ஒன்றை 16 பிற்று முழுஎண்ணாக மாற்றும் இடத்தில் எண் அடங்கவில்லை. அந்தச் செய்நிரற் பகுதி ஏரியான் 4 க்காக எழுதப்பட்டது. அந்த ரொக்கெற்றில் எண் அவ்வளவு பெரிதாக வந்ததே இல்லை. புதியது வேகம் கூடியது; பழைய பெட்டி போதவில்லை. உதவிக்கு வைத்திருந்த இரண்டாவது கணினியிலும் அதே செய்நிரல். அதுவும் அதே இடத்தில் நின்றது.

32 பேர் வரை சரியாக ஓடிய எங்கள் செய்நிரலும் இதே கதைதான். "முன்பு சரியாக ஓடியது" என்பது "இனியும் சரியாக ஓடும்" என்பதற்குச் சாட்சி அல்ல.

வழு மூன்று வகை

தமிழ் இலக்கணத்தில் நீங்கள் "வழு" என்ற சொல்லைப் படித்திருக்கிறீர்கள். "அவன் வந்தாள்" என்றால் பால் வழு. "நேற்று வருவான்" என்றால் கால வழு. செய்நிரலிலும் அதே சொல்லைத்தான் பாவிக்கிறோம். தமிழ் படித்த எனக்கு இந்த ஒற்றுமைதான் முதலில் கைகொடுத்தது.

தொடரியல் வழு: "அவன் வந்தாள்" போன்றது. மொழியின் விதி மீறப்படுகிறது. தொகுப்பான் உடனே பிடித்துவிடும். செய்நிரல் இயங்காது.

இயக்கநேர வழு: வாக்கியம் சரி, ஆனால் செய்ய முடியாத வேலை. ஓர் எண்ணைப் பூச்சியத்தால் வகுக்கச் சொல்வது போல. ஓடும்போது இடையில் நின்றுவிடும்.

தருக்க வழு: "சூரியன் மேற்கில் உதிக்கிறது." இதில் இலக்கண வழு ஏதாவது இருக்கிறதா? இல்லை. ஆனால் உண்மை இல்லை. தொகுப்பான் ஒன்றும் சொல்லாது. செய்நிரல் ஓடும், விடையும் வரும், விடை பிழை.

தொகுப்பான் இலக்கண ஆசிரியர் மாதிரி. எழுத்தையும் சொல்லையும் பார்ப்பார். நீங்கள் சொல்வது மெய்யா என்று பார்ப்பது அவர் வேலை அல்ல, உங்கள் வேலை.

கொப்பியில் ஓட்டிப் பாருங்கள்

2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அந்த நாட்களில் வகுப்புக்கு மெழுகுதிரிதான். கணினி இல்லாமல் செய்நிரல் படிப்பிப்பது எப்படி? வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் கொப்பியில் "ஓட்ட" ஆரம்பித்தோம். மின்சாரம் வந்த பிறகும் அதை விடவில்லை. பரீட்சை மண்டபத்திலும் உங்களுக்குக் கணினி இல்லைதானே?

பலாபத்வலவிலிருந்து மாத்தளைக்குப் போகும் வழியில் அலுவிகாரை இருக்கிறது. அதுவரை வாய்மொழியாக, நினைவில் மட்டும் காத்துவந்த திரிபிடகத்தை, கி.மு. முதலாம் நூற்றாண்டில் பிக்குமார் ஓலையில் எழுதிவைத்த இடம் அது. அவ்வளவு பயிற்சி பெற்றவர்களே நினைவை மட்டும் நம்பாமல் எழுதிவைத்தார்கள். நாமோ மூன்று மாறிகளின் பெறுமானங்களை மனதுக்குள் வைத்துக்கொண்டு விடை சொல்லப் பார்க்கிறோம்!

ஓர் உதாரணம். நான்கு கிழமைகளில் கிடைத்த பேர்கள் 5, 6, 4, 5. மொத்தம் காண வேண்டும். போலிக்குறிமுறை இது:

மொத்தம் = 0
எண்ணி = 1
எண்ணி <= 4 ஆக இருக்கும் வரை
  பேரை வாசி
  மொத்தம் = மொத்தம் + பேர்
  எண்ணி = எண்ணி + 1
மொத்தத்தைக் காட்டு

இப்போது கொப்பியில் மாறி ஒன்றுக்கு ஒரு நிரலாகக் கோடு போட்டு எழுதுங்கள்.

தொடக்கம்: எண்ணி 1, மொத்தம் 0
முதற் சுற்று: பேர் 5, மொத்தம் 5, எண்ணி 2
இரண்டாம் சுற்று: பேர் 6, மொத்தம் 11, எண்ணி 3
மூன்றாம் சுற்று: பேர் 4, மொத்தம் 15, எண்ணி 4
நான்காம் சுற்று: பேர் 5, மொத்தம் 20, எண்ணி 5
5 <= 4 அல்ல. நிற்கிறது. வெளியீடு 20.

இந்த அட்டவணை கையில் இருந்தால் கீழே உள்ள பிழைகளை நீங்களே கண்டுபிடிக்கலாம். ஒவ்வொன்றையும் ஓட்டிப் பாருங்கள்.

1. "<=" என்பதற்குப் பதில் "<" என்று எழுதினால்? எண்ணி 4 ஆனதும் நின்றுவிடும். விடை 15. ஒரு கிழமையின் 5 பேர், அதாவது 5000 ரூபாய் காணாமல் போகிறது, ஒரேயொரு சமன் குறியால். 100 அடி நீளத்துக்குப் பத்து அடிக்கு ஒரு கம்பம் நட எத்தனை கம்பம் வேண்டும் என்று கேட்டால் பலர் 10 என்பார்கள். 11 வேண்டும். தொடக்கத்தையும் முடிவையும் எண்ணிப் பார்க்காததால் வரும் பிழை இது.

2. "மொத்தம் = 0" என்ற வரியைத் தடத்துக்குள், வாசிக்கும் வரிக்கு முன்னால் எழுதினால்? ஒவ்வொரு கிழமையும் பழைய கூட்டு அழிந்துவிடும். விடை 5, கடைசிக் கிழமை மட்டும்.

3. "மொத்தம் = 0" என்ற வரியையே விட்டுவிட்டால்? பெட்டிக்குள் முதலில் என்ன இருந்தது என்று சொல்ல முடியாது. சில வேளை 0 இருக்கும், சில வேளை வேறு ஏதாவது இருக்கும். பாத்திரத்தைக் கழுவாமல் பால் வாங்கப் போகாதீர்கள்.

4. "எண்ணி = எண்ணி + 1" ஐ விட்டுவிட்டால்? எண்ணி எப்போதும் 1. செய்நிரல் நிற்காமல் கேட்டுக்கொண்டே இருக்கும். முடிவிலித் தடம் என்பது இதுதான்.

பஸ்காலில் அடிக்கடி தடுக்கும் கற்கள்

போலிக்குறிமுறையைப் பஸ்காலாக மாற்றும்போது புள்ளிகளை இழக்கும் இடங்கள் சில இருக்கின்றன. என் மாணவர்களின் கொப்பிகளில் திரும்பத் திரும்பக் கண்டவற்றைச் சொல்கிறேன்.

பெறுமானம் கொடுக்க := என்றும் சமனா என்று ஒப்பிட = என்றும் எழுத வேண்டும். முதலாவது கட்டளை. இரண்டாவது கேள்வி. "கதவைச் சாத்து" என்பதும் "கதவு சாத்தியிருக்கிறதா?" என்பதும் ஒன்றல்லவே.

அரைப்புள்ளியை வாக்கியங்களைப் பிரிக்கப் போடுகிறோம். ஆனால் "எல்ஸ்" என்ற சொல்லுக்கு முன்னால் போடக்கூடாது. போட்டால் நிபந்தனை வாக்கியம் அங்கேயே முடிந்துவிட்டது, "எல்ஸ்" தனியே அந்தரத்தில் நிற்கிறது. அதேபோல "டூ" என்ற சொல்லை அடுத்து அரைப்புள்ளி போட்டால் தடத்துக்குள் ஒன்றுமே இல்லை என்று ஆகிவிடும். இதைத் தொகுப்பான் வழு என்று சொல்லாது. ஆகவே இது ஆபத்தானது.

தொகுப்பான் 9ஆம் வரியில் வழு என்றால் 8ஆம் வரியையும் பாருங்கள். முந்திய வரியில் விட்டுப்போன அரைப்புள்ளி அடுத்த வரிக்கு வந்த பிறகுதான் அதற்குத் தெரியவரும். பத்து வழு காட்டினாலும் முதலாவதை மட்டும் திருத்திவிட்டு மறுபடி தொகுத்துப் பாருங்கள். பல வேளைகளில் மீதி தானாகப் போய்விடும்.

வகுத்தலில் / என்ற குறி எப்போதும் தசம எண்ணைத் தரும். அதை இன்டிஜர் மாறியில் போட முடியாது. முழுஎண் ஈவு வேண்டுமென்றால் "டிவ்", மீதி வேண்டுமென்றால் "மொட்". 7 டிவ் 2 என்றால் 3. 7 மொட் 2 என்றால் 1.

நிபந்தனை உள்ள செய்நிரலை எல்லைப் பெறுமானத்தில் சோதியுங்கள். "பேர் 25 அல்லது அதற்கு மேல் எனின் ஊக்கத்தொகை" என்று வினாவில் வந்தால் 24, 25, 26 மூன்றையும் கொடுத்துப் பாருங்கள். 10 ஐயும் 30 ஐயும் கொடுத்தால் பிழை ஒளிந்துகொள்ளும்.

அரைப் பேர் வந்தபோது

அந்தப் பிள்ளையின் கதைக்குத் திரும்புகிறேன். லோங்இன்ட் போட்டதும் முடிந்தது என்றுதான் நினைத்தோம். அடுத்த மாதம் அம்மாவின் சம்பளத் துண்டைக் கொண்டுவந்தாள். குறித்த அளவு கொழுந்து பறிக்காத ஒரு நாளுக்கு அரைப் பேர் போட்டிருந்தார்கள். மொத்தம் 20.5. அதைத் தட்டச்சுச் செய்ததும் செய்நிரல் நின்றது. இயக்கநேர வழு 106. முழுஎண் கேட்ட இடத்தில் தசமப் புள்ளியைக் கொடுத்தால் வரும் வழு அது.

இந்த முறை நான் "திரும்ப அடி" என்று சொல்லவில்லை. "பெட்டி எந்த வகை?" என்று மட்டும் கேட்டேன். அவளே "றியல்" என்று மாற்றினாள். இயக்கினால் 20500 என்று வராமல் 2.05 என்று தொடங்கி, நிறையப் பூச்சியங்களோடு, கடைசியில் ஆங்கில "ஈ" எழுத்தும் +004 உம் வந்தது. "இது எந்த நாட்டுக் காசு டீச்சர்?" என்று கேட்டாள். விஞ்ஞானக் குறியீடு அது. 2.05 ஐப் பத்தின் நாலாம் வலுவால் பெருக்கு என்று பொருள். காட்டும் வரியில் மாறியின் பின் :0:2 என்று சேர்த்தால் 20500.00 என்று வரும்.

பிறகு ஊழியர் சேமலாப நிதிக்கு 8 சதவீதம் கழிக்க ஒரு வரி எழுதினாள். 20500 இல் 1640 போக 18860. துண்டில் இருந்த தொகையோ அதைவிடக் குறைவு. துண்டை எடுத்துப் பார்த்தோம். சங்கச் சந்தா, தீபாவளி முற்பணம் என்று இன்னும் கழிவுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு மாறி சேர்த்தாள். கடைசியில் இரண்டு தொகையும் ஒன்றாக வந்தன. "இனி அம்மா யாரிடமும் துண்டைக் கொடுத்து வாசிக்கச் சொல்ல வேண்டியதில்லை" என்றாள்.

பஸ்கால் மொழியை 1970 இல் நிக்கிளவுஸ் விர்த் என்ற சுவிற்சர்லாந்துப் பேராசிரியர் வெளியிட்டார். கற்பிப்பதற்கு ஏற்ற மொழியாக அதை அமைத்தார். அவர் 2024 ஜனவரி 1 இல் காலமானார். மொழிக்குப் பெயர் தந்தவர் பிளேய்ஸ் பஸ்கால் என்ற பிரெஞ்சுக் கணித அறிஞர். 1642 இல், தமது 19 வயதளவில், வரிக் கணக்குப் பார்த்துக் களைத்துப்போகும் தந்தைக்கு உதவுவதற்காகக் கூட்டும் பொறி ஒன்றைச் செய்யத் தொடங்கினார் அவர். பெற்றோரின் கணக்கை இலேசாக்க ஒரு பிள்ளை செய்த முயற்சி. இதை வகுப்பில் சொன்னபோது பையன்கள் எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

சி மொழிக்குப் போகிறவர்களுக்கு

உயர்தரத்தில் பைதன் படிப்பீர்கள். சிலர் பின்னர் சி மொழிக்கும் போவீர்கள். 1972 அளவில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் டெனிஸ் றிச்சி உருவாக்கியது அது. பஸ்கால் கண்டிப்பான ஆசிரியர் என்றால், சி "உனக்குத் தெரியும்தானே" என்று விட்டுவிடும் ஆசிரியர். சுதந்திரம் கூட, பொறுப்பும் கூட.

அங்கே பெறுமானம் கொடுக்க =, ஒப்பிட ==. நிபந்தனையில் ஒரு சமன் குறியை விட்டுவிட்டால் பஸ்கால் போல அது தடுக்காது. பெறுமானத்தை மாற்றிவிட்டுப் பேசாமல் போய்விடும். 7 / 2 என்பது அங்கே 3. ஓர் எண்ணை வாசிக்கும்போது மாறியின் பெயருக்கு முன் & குறி போட வேண்டும். அது மாறியின் முகவரி. கடிதம் வந்து சேர ஆளின் பெயர் மட்டும் போதாது, முகவரி வேண்டும் அல்லவா? பத்து இடமுள்ள அணியில் இடங்கள் 0 முதல் 9 வரை. 10ஆம் இடத்தில் எழுதினால் சி தடுக்காது, பக்கத்து வீட்டுச் சுவரில் எழுதியது போலாகும். இன்றைய கணினிகளில் அதன் முழுஎண் பெரும்பாலும் 32 பிற்று. 42000 தாராளமாக அடங்கும். ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு என்பதை இனி மறக்கமாட்டீர்கள்.

கடைசியாக

பரீட்சைக்கு முன் இதைச் செய்யுங்கள். கடந்த கால வினாத்தாள் ஒன்றை எடுத்து, "வெளியீடு யாது?" என்று கேட்கும் வினாவை மனதால் அல்ல, அட்டவணை போட்டுச் செய்யுங்கள். பிறகு உங்கள் வீட்டுக் கணக்கு ஒன்றைச் செய்நிரலாக எழுதுங்கள். பால் கணக்கோ, கடைக் கொப்பியோ, மின் பட்டியலோ, எதுவாகவும் இருக்கலாம். எழுதி முடித்ததும் மூன்று கேள்விகள் கேளுங்கள். ஒவ்வொரு பெட்டிக்கும் என்ன வகை, எவ்வளவு இடம்? தொடக்கப் பெறுமானம் கொடுத்தேனா? தடம் எத்தனை தரம் சுற்றும்?

விடை பிழையாக வந்தால் உடனே அழிக்காதீர்கள். அந்தப் பிழையான எண்ணைக் கொப்பியில் எழுதிவையுங்கள். -23536 என்ற எண்ணை நான் எழுதி வைத்திருந்ததால்தான் அதனுடன் 65536 ஐக் கூட்டிப் பார்க்க முடிந்தது. என்ன பிழை என்பதை அந்த எண்ணே காட்டிக்கொடுத்தது.

இன்னொன்று. உங்கள் டீச்சரோ சேரோ "திரும்ப அடி" என்று சொன்னால், ஒரு முறை திரும்ப அடியுங்கள். அப்போதும் அதே விடை வந்தால், "ஏன் என்று பார்ப்போமா?" என்று மரியாதையோடு கேளுங்கள். உங்களிடம் பிழை இல்லாமலும் இருக்கலாம். எனக்கு அதைக் கற்றுத் தந்தவள் தரம் 10 இல் படித்த ஒரு பிள்ளை.